பவர் மோடு எஞ்சினுக்குச் சக்தி தருவதில்லை

கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஆட்டோமேட்டிக் கார் ஓட்டுகிறவர்களிடையே ஒரு நம்பிக்கை வேரூன்றிவிட்டது. மாமல்லபுரம் தாண்டி, கடப்பாக்கம் கடந்து, மரக்காணத்து உப்பளங்கள் கண்ணில் படும்போது பவர் மோடு பொத்தானை அழுத்திவிட வேண்டும். அழுத்தினால் எஞ்சினுக்குக் கூடுதல் சக்தி வரும், ஆட்டோமேட்டிக்கின் மந்தம் போய்விடும், முன்னால் ஊர்ந்துபோகிற உப்பு லாரியை ஒரே மூச்சில் தாண்டிவிடலாம் என்பது அந்த நம்பிக்கை. ஓட்டுநர் ஓட்டுநருக்குச் சொல்கிறார். கார் வாங்கிய அண்ணன் வாங்கப்போகிற தம்பிக்குச் சொல்கிறார். பொத்தானின் மேலேயே 'பவர்' என்று எழுதியிருப்பதால் யாரும் குறுக்குக் கேள்வி கேட்பதில்லை. நான் மறுக்கிறேன். அந்தப் பொத்தான் எஞ்சினின் உச்சத் திறனில் ஒரு துளியும் கூட்டுவதில்லை. மரக்காணம் போன்ற சமதளக் கடலோரத்தில் அதற்கு வேலையும் மிகக் குறைவு. அதை நம்பி லாரியை முந்துகிறவர் தன் உயிரோடு எதிரே வருகிறவரின் உயிரையும் பணயம் வைக்கிறார்.

மறுப்பதற்கு முன் எதிர்த் தரப்பின் வாதத்தை அதன் முழு வலுவோடு சொல்லிவிடுவது முறை. பவர் மோடு போட்டதும் வண்டியின் குணம் மாறுகிறது என்பது கற்பனை இல்லை. முன்பு மிதித்த அளவே மிதித்தாலும் வண்டி முன்னைவிட வேகமாகப் பாய்கிறது. எஞ்சின் சத்தம் உயர்கிறது. கியர் இறங்கட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. ஓட்டுகிறவர் தன் உடம்பிலேயே உணர்கிற சான்று இது. இதிலிருந்து அவர்கள் நான்கு முடிவுகளுக்கு வருகிறார்கள். பவர் மோடில் எஞ்சினின் சக்தி கூடுகிறது என்பது முதல் முடிவு. ஆகவே முந்துவது பாதுகாப்பாகிறது என்பது இரண்டாவது. ஏழு பேர், மேலே சாமான், உள்ளே ஏ.சி., வெளியே சித்திரை வெயில் என்று எல்லாம் சேர்ந்தால் எஞ்சின் திணறும், அப்போது பவர் மோடு கட்டாயம் என்பது மூன்றாவது. ஒருமுறை போட்டுவிட்டால் ஊர் போய்ச் சேரும்வரை அப்படியே விட்டுவிடலாம், நெடுஞ்சாலைக்கென்றே வைத்த மோடு அது என்பது நான்காவது. உணர்வு உண்மை. அதிலிருந்து எடுத்த நான்கு முடிவுகளும் தவறு.

அந்தப் பொத்தான் எதைத் தொடுகிறது? ஆட்டோமேட்டிக் கியர்பெட்டியை ஆள்வது ஒரு சிறு கணினி. அது முக்கியமாகக் கவனிப்பவை இரண்டு: கால் எவ்வளவு மிதித்திருக்கிறது, வண்டி எவ்வளவு வேகத்தில் போகிறது. இந்த இரண்டுக்கும் ஏற்ப எந்தக் கியரில் இருக்க வேண்டும் என்று முன்பே எழுதிவைத்த அட்டவணை ஒன்று அதனிடம் இருக்கிறது. பவர் மோடு என்பது அந்த அட்டவணையை வைத்துவிட்டு வேறோர் அட்டவணையை எடு என்ற கட்டளை. புதிய அட்டவணையில் மேல் கியருக்குப் போவது தாமதமாகும். கீழ்க் கியருக்கு இறங்குவது முந்தும். எஞ்சினையும் பெட்டியையும் திரவத்தால் இணைக்கும் டார்க் கன்வெர்ட்டர் உள்ள வண்டிகளில் அதைப் பூட்டும் கிளட்ச் பிடிப்பதும் தள்ளிப்போகலாம். பல கார்களில் ஆக்சிலேட்டரின் கணக்கும் உடன் மாறுகிறது: கால்வாசி மிதித்ததை அதைவிடக் கூடுதலாக மிதித்ததாக எடுத்துக்கொண்டு எஞ்சினுக்குக் கட்டளை போகிறது. பொத்தானின் அதிகாரம் இத்தோடு முடிகிறது. சிலிண்டரின் கொள்ளளவு கூடுவதில்லை, டர்போ பெரிதாவதில்லை. 1980களில் ஜப்பானியக் கார்களில் மின்னணுக் கட்டுப்பாட்டு ஆட்டோமேட்டிக் பரவியபோது இந்தப் பொத்தானும் கூடவே வந்தது. அன்றைக்கும் அது கியர் மாறும் நேரத்தைத்தான் மாற்றியது, இன்றைக்கும் அதைத்தான் மாற்றுகிறது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு அந்த நம்பிக்கையின் ஒவ்வொரு கூற்றையும் எடுத்துப் பார்க்கலாம்.

1. சக்தி கூடுகிறது என்றால் அந்தக் கூடுதல் சக்தி எந்த எண்ணில் இருக்கிறது? பவர் என்றே எழுதிய பொத்தானோடு 2016இல் விற்பனைக்கு வந்த டொயோட்டா இன்னோவா கிரிஸ்டாவை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டு டாக்சி ஸ்டாண்டுகளில் அந்தப் பெயரை அறியாதவர் இல்லை. அதன் ஆட்டோமேட்டிக் வண்டியில் அப்போது 2.8 லிட்டர் டீசல் எஞ்சினும் 6 கியர் பெட்டியும் இருந்தன. உச்சத் திறன் நிமிடத்துக்கு 3,400 சுழற்சியில் 174 குதிரைத்திறன். முறுக்குவிசை 1,200 சுழற்சி முதல் 3,400 சுழற்சி வரை ஒரே சீராக 360 நியூட்டன் மீட்டர். பவர் மோடுக்கு ஓர் எண், சாதாரண மோடுக்கு வேறோர் எண் என்று இதில் கிடையாது. திறன் என்பது முறுக்குவிசையையும் சுழற்சி வேகத்தையும் பெருக்கினால் வருவது. 360 நியூட்டன் மீட்டரை 3,400 சுழற்சியோடு பெருக்கினால் ஏறக்குறைய 128 கிலோவாட் வருகிறது. அதுதான் அந்த 174 குதிரைத்திறன். அதே 360ஐ 1,700 சுழற்சியோடு பெருக்கினால் சரிபாதி, 87 குதிரைத்திறன். முறுக்குவிசை மாறவில்லை, சுழற்சி இரட்டித்ததால் திறன் இரட்டித்தது. பவர் மோடு செய்வதெல்லாம் கீழ்க் கியரைப் பிடித்துவைத்து, எஞ்சினை 1,700இல் இளைப்பாற விடாமல் மேலே நிறுத்துவதுதான். அந்த 174 முன்பே எஞ்சினில் இருந்தது. சாதாரண மோடில் ஆக்சிலேட்டரை அடிவரை மிதித்தாலும் கியர் தானே இறங்கி எஞ்சினை அங்கேதான் கொண்டுபோய் நிறுத்தும். உப்பளத்தில் மடையை முன்கூட்டித் திறந்துவிட்டால் கடல்நீரில் உப்பு கூடிவிடாது. நீர் முன்னதாகப் பாத்திக்கு வரும், அவ்வளவுதான். பவர் மோடும் இருக்கிற திறனை முன்னதாகக் கூப்பிடுகிறது. இந்த எஞ்சினில் அந்தக் கூப்பிடுதலுக்கும் எல்லை உண்டு: 3,400ஐத் தாண்டிச் சுழன்றால் திறன் மேலே போகாது, இறங்கத் தொடங்கும். அதற்கு மேலும் எஞ்சினை அலறவிடுவதால் கிடைப்பது சத்தம் மட்டுமே.

2. உடம்பு உணர்ந்தது பொய்யா என்று கேட்பார்கள். பொய்யில்லை, ஆனால் உடம்பு எதை அளந்தது? பாதி மிதித்த நிலையில் இரண்டு மோடுகளையும் ஒப்பிட்டால் பவர் மோடு வலுவாகத்தான் தெரியும், ஏனென்றால் அந்தப் பாதியை முக்கால் என்று எடுத்துக்கொள்ளும்படி கணக்கு மாற்றப்பட்டிருக்கிறது. சாதாரண மோடில் காலை இன்னும் கொஞ்சம் அழுத்தினால் அதே முக்கால் வந்துவிடும். ஒப்பிட வேண்டிய இடம் பெடலின் அடி. பெடல் தரையைத் தொடும்போது இரண்டு மோடுகளிலும் எஞ்சினுக்குப் போகிற கட்டளை ஒன்றே: உள்ளதையெல்லாம் கொடு. கியர் இறங்கி முடிந்த பிறகு இரண்டு மோடுகளிலும் வண்டி ஒரே விசையில்தான் முடுக்கம் பெறும். மிஞ்சுகிற வித்தியாசம், கியர் இறங்க ஆகும் நேரம். பவர் மோடில் வண்டி முன்பே கீழ்க் கியரில் இருப்பதால் அந்தச் சிறு காத்திருப்பு மிச்சம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் காத்திருப்பில் மிச்சமானதைச் சக்தியில் கூடியதாகக் கணக்கெழுதுவதுதான் இந்த நம்பிக்கையின் அடிப்படைப் பிழை. இந்தப் பிழை தாளில் இருக்கும்வரை தீங்கில்லை. இரண்டு பக்கமும் வண்டி ஓடுகிற சாலையில் இதை நம்பி வலப்பக்கம் இறங்கும்போது நிலைமை வேறு.

3. முந்துவதற்குத் தேவை சக்தியா, சாலையா? இதற்குக் கணக்கே பதில் சொல்லட்டும். ஒன்றிய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2018இல் வகுத்த வரம்பு, நடுவே பிரிக்காத சாலையில் காரின் உச்ச வேகத்தை மணிக்கு 70 கிலோமீட்டர் என்று வைத்தது. கார் அந்த 70இலும் உப்பு மூட்டை ஏற்றிய லாரி 50இலும் போகின்றன என்று வைத்துக்கொள்வோம். அதற்குப் பின்னே 20 மீட்டர் இடைவெளி, லாரியின் நீளம் 10 மீட்டர், காரின் நீளம் 5 மீட்டர், தாண்டிய பிறகு முன்னே 20 மீட்டர் இடைவெளி: ஆக லாரியைவிடக் கூடுதலாகக் கடக்க வேண்டியது 55 மீட்டர். இரண்டுக்கும் வேக வித்தியாசம் மணிக்கு 20 கிலோமீட்டர், அதாவது வினாடிக்கு ஐந்தரை மீட்டர். முந்தி முடிக்க 10 வினாடி ஆகிறது. அந்த 10 வினாடியில் கார் ஏறக்குறைய 190 மீட்டர் ஓடும். எதிரே 70இல் வருகிற வண்டியும் அதே 190 மீட்டர் ஓடும். முந்தத் தொடங்கும் நொடியில் முன்னே சுமார் 385 மீட்டர் வெறுஞ்சாலை கண்ணுக்குத் தெரிய வேண்டும். பவர் மோடு இதில் ஒரு முழு வினாடியை மிச்சப்படுத்துகிறது என்றே தாராளமாக வைத்துக்கொள்வோம். இரு வண்டிகளும் சேர்ந்து நெருங்கும் வேகம் மணிக்கு 140 கிலோமீட்டர்; ஒரு வினாடிக்கு 39 மீட்டர். 385 என்பது 346 ஆகும். பத்தில் ஒரு பங்கு குறைகிறது, ஒன்பது பங்கு அப்படியே நிற்கிறது. முன்னே 350 மீட்டர் தெரியாத இடத்தில் சாதாரண மோடில் முந்துவது எவ்வளவு தவறோ, பவர் மோடில் முந்துவதும் அவ்வளவே தவறு. 400 மீட்டர் தெரிகிற இடத்திலோ பவர் மோடு இல்லாமலேயே முந்தலாம். இரண்டு நிலையிலும் பொத்தானுக்கு வேலையில்லை.

இந்தக் கடலோரத்தில் அந்த 385 மீட்டரைக் கண்ணால் அளப்பதே கடினம் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒருபுறம் கழுவெளி ஈரநிலம், சுற்றிலும் பாத்தி பாத்தியாக உப்பளம், நேராக ஓடும் சாலை. மரமோ கட்டடமோ அடுத்தடுத்து நிற்கிற இடத்தில் தூரத்தைக் கணிக்க அவை உதவும். வெள்ளை வெளேரென்று விரிந்து கிடக்கும் நிலத்தில் அந்த உதவி குறைவு. உச்சி வெயிலில் தாருக்கு மேலே கானல் நெளியும்போது எதிரே வருவது காரா, பைக்கா, நிற்கிறதா, நகர்கிறதா என்று தெரியச் சில நொடிகள் ஆகும். விடியும் முன்பே வேலைக்குக் கிளம்புகிற உப்பளத் தொழிலாளர்கள் நடந்தும் சைக்கிளிலும் இதே சாலையைப் பயன்படுத்துகிறார்கள். அவர்களிடம் முகப்பு விளக்கு இல்லை. உப்பளத்துப் பாதையிலிருந்து சாலைக்கு ஏறுகிற லாரி மெதுவாகத்தான் வேகம் பிடிக்கும். இத்தனையும் ஓட்டுகிறவரிடம் கேட்பது நிதானத்தை. பவர் மோடு தருகிற உணர்வு அதற்கு நேர் எதிரானது: நம்மால் முடியும், வண்டி இழுக்கும் என்ற துணிச்சல். 2022இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அமைச்சகத்தின் அந்த ஆண்டு அறிக்கைப்படி இறப்புகளில் பத்தில் ஏழு பங்கு மிகைவேகத்தால் நேர்ந்தவை. அதே ஆண்டில் விபத்துகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 64,105 விபத்துகள், 17,884 இறப்புகள். ஏற்கெனவே இப்படி இருக்கிற சாலைகளில், இல்லாத சக்தியை இருப்பதாக நம்பவைக்கும் ஒரு பேச்சைப் பொழுதுபோக்காகப் பரப்புவதற்கு யாருக்கும் உரிமை இல்லை.

4. சுமையும் வெயிலும் ஏ.சி.யும் சேர்ந்தால்? இந்த வாதம் கேட்பதற்கு நியாயமாக இருக்கிறது. கூட்டிக் கழித்தால் நிற்காது. ஏ.சி. கம்ப்ரசர் எஞ்சினிடமிருந்து எடுப்பது சில கிலோவாட். 128 கிலோவாட் தரக்கூடிய எஞ்சினுக்கு அது பெருஞ்சுமை இல்லை. சமதளத்தில் ஒரே வேகத்தில் போகும்போது காரை முக்கியமாக எதிர்ப்பது காற்றும் டயர் உருள்தலும். ஏழு பேர் ஏறியதால் டயர் உருள்தல் கொஞ்சம் கூடும். காற்றின் எதிர்ப்பை மேலே கட்டிய சாமான் கொஞ்சம் கூட்டும், ஆட்கள் கூட்டமாட்டார்கள். சுமை உண்மையில் உறைப்பது ஏற்றத்தில், அத்தனை எடையையும் மேலே தூக்க வேண்டிய இடத்தில். மரக்காணத்தில் ஏற்றம் எங்கே இருக்கிறது? கடல்நீர் பாத்திக்குள் பரவும் அளவுக்கு மட்டமான நிலம் என்பதால்தான் அங்கே உப்பே விளைகிறது. வெயிலைப் பொறுத்தவரை, காற்றின் வெப்பம் 15 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்குப் போனால் அதன் அடர்த்தி ஏறக்குறைய 8 விழுக்காடு குறையும் என்பது சரி. ஆனால் பவர் மோடு காற்றை அடர்த்தியாக்குவதில்லை, குளிர்விப்பதுமில்லை. வெயில் எடுத்துக்கொண்டதைப் பொத்தான் திருப்பித் தராது. மாறாக, தேவையில்லாமல் உயர் சுழற்சியில் ஓடும் எஞ்சின் கூடுதல் வெப்பத்தை உண்டாக்கி, வெயில் நாளில் ரேடியேட்டரின் வேலையைக் கூட்டுகிறது.

5. போட்டதைப் போட்டபடியே விட்டுவிடலாமா? விடக்கூடாது என்பதற்கு மூன்று காரணங்கள் உண்டு. எரிபொருள் முதலாவது. எஞ்சின் ஒவ்வொரு சுற்றுக்கும் உராய்வுக்காக ஒரு பங்கைச் செலவிடுகிறது. அதே 70 கிலோமீட்டர் வேகத்தை உயர் கியரில் குறைந்த சுழற்சியில் எட்டலாம் என்னும்போது கீழ்க் கியரில் கூடுதலாகச் சுழலவிடுவது அந்தப் பங்கைக் கூட்டுகிறது. வேகம் கூடவில்லை, டீசல் மட்டும் கூடுதலாகப் போகிறது. காலின் கட்டுப்பாடு இரண்டாவது. பெடலின் மேல்பகுதியிலேயே பெரும் விசை வந்துவிடுவதால், மரக்காணம் கடைவீதியிலும் வழியிலுள்ள மீனவர் குப்பங்களுக்குத் திரும்பும் இடங்களிலும் மெதுவாக ஊர வேண்டிய நேரத்தில் வண்டி குதிக்கும். காலை எடுத்தால் கீழ்க் கியரின் எஞ்சின் பிரேக்கால் பின்னுக்கு இழுக்கும். பின் இருக்கையில் உள்ளவர்களுக்குக் குமட்டல், பின்னால் வருகிற பைக்காரருக்குக் குழப்பம். எஞ்சின் பிரேக்கில் வேகம் குறையும்போது காரின் பிரேக் விளக்கு எரிவதில்லை என்பதை நினைவில் வைக்க வேண்டும். மூன்றாவது காரணம் மழை. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வடகிழக்குப் பருவமழை இந்தக் கரையைத்தான் நேரே அடிக்கிறது. ஈரச் சாலையில் டயரின் பிடி குறையும். அந்த நேரத்தில் சிறு மிதிக்கே பெரும் விசையைச் சக்கரத்துக்கு அனுப்பும் மோடில் ஓட்டினால், பின்சக்கரம் தள்ளும் கிரிஸ்டா போன்ற வண்டியில் சக்கரம் வழுக்கும் வாய்ப்பு கூடும். வழுக்கலைத் தடுக்கும் மின்னணுக் காவல் இருக்கலாம். காவல் இருக்கிறது என்பதற்காக ஆபத்தை நாமே அழைக்க வேண்டியதில்லை.

6. எல்லா ஆட்டோமேட்டிக்கும் ஒன்றா? பவர், ஸ்போர்ட், எஸ் என்று பெயர்கள் ஒன்றுபோல் இருப்பதால் பெட்டிகளும் ஒன்றென்று நினைப்பது இந்த நம்பிக்கையின் இன்னொரு கோளாறு. 2014இல் மாருதி செலேரியோவோடு இந்தியாவுக்கு வந்த ஏ.எம்.டி. என்பது சாதாரண மேனுவல் கியர்பெட்டிதான்; கிளட்சையும் கியரையும் மனிதக் கைகாலுக்குப் பதிலாக ஓர் இயந்திரம் இயக்குகிறது. கியர் மாறும் ஒவ்வொரு முறையும் விசை ஒரு கணம் அறுபடும். எந்த மோடு போட்டாலும் இந்த அறுபடல் போகாது. உயர் சுழற்சியில் மாறுவதால் உலுக்கல் கூடுதலாகவே தெரியலாம். 2015இல் வந்த டாடா நானோவின் ஏ.எம்.டி. வண்டியில்கூட ஸ்போர்ட் மோடு இருந்தது. அதன் 624 சி.சி. எஞ்சினின் உச்சம் 38 குதிரைத்திறன். பொத்தானை அழுத்தியபிறகும் 38தான். சி.வி.டி. பெட்டியில் படிப்படியான கியரே கிடையாது; பட்டையும் கப்பியுமாக விகிதம் வழுக்கிக்கொண்டே மாறும். அங்கே ஸ்போர்ட் என்பது எஞ்சினைக் கூடுதல் சுழற்சியில் நிறுத்துவது மட்டுமே. இரட்டைக் கிளட்ச் பெட்டியில் அடுத்த கியர் முன்பே தயாராக நிற்பதால், மிச்சப்படுத்த வேண்டிய காத்திருப்பே குறைவு. ஆக, பவர் மோடு தரும் ஒரே உண்மையான பயனும் பெட்டிக்குப் பெட்டி மாறுகிறது. இன்னோவாக்காரர் சொன்ன அறிவுரையை ஏ.எம்.டி. ஓட்டுகிறவர் அப்படியே எடுத்துக்கொண்டு லாரியை முந்தினால், அவர் எதிர்பார்த்த பாய்ச்சல் வர வேண்டிய நொடியில் விசை அறுபட்டு நிற்கும்.

இனி இந்த மறுப்புக்கு வரக்கூடிய எதிர்வாதங்கள். சில கார்களில் மோடு மாறினால் உச்சத் திறனே மாறுகிறதே என்பார்கள். உண்மை. சில பெட்ரோல், டீசல் கார்களில் ஈகோ மோடு எஞ்சினின் விசையை அடக்கிவைக்கிறது. மின்சாரக் கார்களில் மோட்டாரின் வெளியீட்டுக்கே மோடு வரம்பு கட்டுவதுண்டு. ஆனால் அங்கேயும் நடப்பது, பூட்டிவைத்ததைத் திறந்துவிடுவது. விற்பனைத் தாளில் அச்சிட்ட உச்சத்துக்கு மேலே எந்தப் பொத்தானும் கொண்டுபோவதில்லை. ஈகோவில் போகிறவர் முந்துவதற்கு முன் சாதாரண மோடுக்கு மாறிக்கொள்ளட்டும். அது நியாயமான அறிவுரை. அதைப் பவர் மோடின் புகழாக மாற்றிச் சொல்வதுதான் தவறு.

நேர் எதிர்ப் பக்கத்திலிருந்தும் ஒரு குரல் வருகிறது: பவர் மோடைத் தொட்டாலே கியர்பெட்டி கெட்டுவிடும், எனவே ஒருபோதும் தொடாதே என்பது. இதுவும் ஆதாரமற்றது. அந்த அட்டவணையை எழுதியவர்கள் பெட்டியைச் செய்தவர்கள்தான். எஞ்சினின் சுழற்சி வரம்பைக் குறிக்கும் சிவப்புக் கோட்டைத் தாண்ட எந்த மோடிலும் கணினி விடுவதில்லை. கெடுதல் என்று சொல்ல வேண்டுமானால் அது தேவையில்லாத வெப்பமும் எரிபொருள் விரயமும்தான். பெட்டி உடைந்துவிடும் என்பது வெறும் பயம். பவர் மோடைத் தெய்வமாக்குவதும் பேயாக்குவதும் அது என்ன செய்கிறது என்று கேட்காததன் இரு முகங்கள்.

அப்படியானால் அந்தப் பொத்தான் எதற்கு? மலைக்கு. ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவு, வால்பாறைக்கு 40, கொல்லிமலைக்கு 70. அங்கே சாதாரண மோடில் ஏறும்போது என்ன ஆகிறது? வளைவில் காலைத் தளர்த்தியதும், ஓட்டுநருக்கு இனி வேகம் வேண்டாம் என்று நினைத்துக் கணினி மேல் கியருக்குப் போகிறது. வளைவு முடிந்து மிதித்ததும் தவறு புரிந்து மறுபடி கீழே இறங்குகிறது. மேலும் கீழுமாக இந்த அலைச்சல் வளைவுக்கு வளைவு தொடர்கிறது. பவர் மோடு கீழ்க் கியரைப் பிடித்துவைத்து இந்த அலைச்சலை நிறுத்துகிறது. இறங்கும்போது அதே கீழ்க் கியர் எஞ்சின் பிரேக்காகி, பிரேக் பட்டைகள் காய்ந்து பிடி இழப்பதைத் தடுக்க உதவுகிறது. உதகை 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய 80 விழுக்காடு. டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சின் அந்த அளவுக்கு வலுவிழக்கும். இருக்கிற வலுவைச் சிந்தாமல் பயன்படுத்த உயர் சுழற்சி தேவைப்படும். ஏற்றம், இறக்கம், வளைவு, மெலிந்த காற்று: பவர் மோடின் நியாயம் இந்த நான்கும். மரக்காணத்துக் கரையில் நான்கில் ஒன்றுகூட இல்லை. கடல்மட்டத்தில் காற்றின் அடர்த்தி முழுதாக இருக்கிறது, சாலை மட்டமாக இருக்கிறது, வளைவுகள் குறைவு.

சாலை நான்கு வழியானால் என்ன செய்வது என்று கேட்கலாம். மாமல்லபுரத்துக்கும் புதுச்சேரிக்கும் இடையே சாலையை நான்கு வழியாக்கும் பணியைத் தேசிய நெடுஞ்சாலை ஆணையம் எடுத்திருக்கிறது. நடுவே பிரித்த சாலையில் முந்துகிறவருக்கு எதிரே வண்டி வராது. மூன்றாவது மறுப்பில் சொன்ன அவசரமே அங்கு எழாது. அவசரம் இல்லாத இடத்தில் ஒரு வினாடி மிச்சத்துக்கும் மதிப்பில்லை. இருவழிச் சாலையில் பவர் மோடு போதாது. நான்கு வழிச் சாலையில் அது தேவையில்லை.

முந்தியே ஆக வேண்டும், முன்னே சாலையும் தெளிவாக இருக்கிறது என்றால் செய்ய வேண்டியது எளிது. வலப்பக்கம் இறங்கும் முன்பே, லாரிக்குப் பின்னே தள்ளி நின்று, சாலையைப் பார்த்தபடி ஆக்சிலேட்டரை உறுதியாக அழுத்துங்கள், கியர் இறங்கும். கையால் கியர் மாற்றும் வசதி உள்ள கார் என்றால் முன்கூட்டியே ஒரு கியர் இறக்கிக்கொள்ளுங்கள். முந்தி முடிந்ததும் கியரை மறுபடி மேலே ஏற்றிவிடுங்கள். பவர் மோடு தருகிற அந்த ஒரு வினாடி, தேவைப்படுகிற அந்த ஒரு இடத்தில் மட்டும், உங்கள் விருப்பப்படி கிடைத்துவிட்டது. வழி முழுக்க எஞ்சினை அலறவிட வேண்டியதில்லை. முந்தாமல் விட்டால் எவ்வளவு இழக்கிறோம் என்பதையும் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். 50இல் போகிற லாரிக்குப் பின்னால் முழு 5 கிலோமீட்டர் போனால் 6 நிமிடம். 70இல் போயிருந்தால் நாலேகால் நிமிடம். இழப்பு இரண்டு நிமிடத்துக்கும் குறைவு.

பவர் மோடு கியர் எப்போது மாற வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. எஞ்சின் எவ்வளவு தரும் என்பதை அது தீர்மானிப்பதில்லை, முன்னே எவ்வளவு சாலை இருக்கிறது என்பதையும் தீர்மானிப்பதில்லை. மரக்காணம் வழியே போகிறவர்கள் அந்தப் பொத்தானை மலைச் சாலைக்கென்று விட்டுவைக்கட்டும். கார் விற்பவர்கள் சாவி கொடுக்கும்போது இந்த வேறுபாட்டை வாங்குகிறவருக்கு விளக்கிச் சொல்லட்டும். முன்னே 400 மீட்டர் தெளிவாகத் தெரியவில்லை என்றால், எந்த மோடில் இருந்தாலும், லாரியின் பின்னாலேயே போங்கள்.